அகுட்சு வாங்கித் தரும் கோழி

அகுட்சு ஒருவரைக் கோழி தின்னக் கூப்பிட்டால் அவருக்கு ஏதோ ஒன்று பறிபோகப் போகிறது என்று பொருள். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இது தெரியாத ஒரே ஆள் மேனேஜர் அகுட்சுதான். தான் பெரிய மனசுக்காரர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் கிடங்கில் இருந்த இசாவாவைக் கூப்பிட்டார். இசாவா குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறி ஒன்பது குச்சி தின்றார், எங்கோ தூரத்தில் இருக்கும் அகிதா கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பினார். போன வருடம் கணக்குப் பிரிவில் இருந்த ஹாகா அம்மாள். ஏழு குச்சிதான் தின்றாள், மறுவாரமே அரைநாள் ஊழியர் ஆகிவிட்டாள். இரண்டு பேரும் மறுநாள் காலையில் சிவந்த கண்ணோடு வந்து, "கோழி பிரமாதமா இருந்துச்சு" என்றார்கள்.

வித்தை அந்த விருந்தில்தான் இருந்தது. அவர் கூட்டிப்போகும் கோழிக்கடையில் நாமாக எதையும் கேட்க வேண்டாம். மாஸ்டர் குச்சி குச்சியாகச் சுட்டு வைத்துக்கொண்டே இருப்பார், போதும் என்று சொன்னால்தான் நிறுத்துவார். இரண்டு பேராக வந்தால் இரண்டு பேருமே சொல்ல வேண்டும். சொன்னதும் சின்னக் கிண்ணத்தில் கோழி எலும்பு சூப் வரும், விருந்து முடிந்தது என்று அர்த்தம். அந்த சூப்பின் ஆவி அடங்குவதற்குள் அகுட்சு விஷயத்தைச் சொல்லிவிடுவார். அடுத்து விருந்தாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லித் தலை குனிவது. வயிறு முட்டத் தின்றுவிட்டு யாரால் குனியாமல் எழுந்து வர முடியும்? குனிந்த தலை கோழிக்காகவா விஷயத்துக்காகவா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலாளி ஒரு மாதிரியான மனிதர், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாரா என்று கேட்காமல் எந்தக் காகிதத்திலும் முத்திரை வைக்கமாட்டார். அகுட்சு மறுநாள் அவரிடம் போய், "சம்மதிச்சுட்டாங்க, தலை குனிஞ்சே நன்றி சொன்னாங்க" என்பார். முத்திரை விழுந்துவிடும்.

இந்த முறை கூப்பிட்டது குசுமி சயோவை.

சயோவுக்கு நாற்பத்தேழு வயது. கேக் கடைகளுக்கான பெட்டிகளை வடிவமைக்கும் அறையில் இருபத்து மூன்று வருடமாக வேலை. பழைய அறைத் தலைவர் போன மார்ச்சில் ஓய்வு பெற்றதிலிருந்து, பதினோரு மாதமாக, தலைவர் வேலையையும் அவள்தான் பார்த்தாள். பெயர் மட்டும் இல்லை. "தற்காலிகமா நீங்க பாத்துக்கங்க குசுமி சான்" என்று அகுட்சு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொன்னார், அவளும் பார்த்துக்கொண்டாள். இந்த ஏப்ரலில் அந்தப் பெயர் தனக்கு வரும் என்று நம்பினாள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவர்களைப் பற்றி அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விருந்து நாளன்று காலை அச்சகத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. அறைக்கு வரும் பார்சலை எல்லாம் அவள்தான் பிரிப்பாள். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிவதற்காக விசிட்டிங் கார்டுப் பெட்டியின் மூடிமேல் ஒரு கார்டை ஒட்டி அனுப்புவது அச்சகத்தின் வழக்கம். ஒட்டியிருந்த கார்டில் 'வடிவமைப்பு அறைத் தலைவர், ஹியாமா கெய்தோ' என்று இருந்தது.

ஹியாமாவுக்கு முப்பத்தொன்று. வந்து மூன்று வருடம். பசை தடவாமல் மடித்தே நிற்கிற ஒரு பெட்டியைச் சயோ ஆறு வாரம் வெட்டி வெட்டிக் கண்டுபிடித்தபோது, வாடிக்கையாளர் முன்னால் அதைத் திறந்து மூடிக் காட்டியவன் அவன். அன்றிலிருந்து அகுட்சு வாயில் அது 'நம்ம ஹியாமா பெட்டி'. பையன் கெட்டவன் இல்லை. காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்த்துச் சொல்ல இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

சயோவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கார்டை உரித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். இசாவா மாதிரி, ஹாகா அம்மாள் மாதிரி, தானும் எட்டுக் குச்சி தின்றுவிட்டுக் குனிந்துவிட்டு வருவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். விழுங்கிப் பழகிய தொண்டைதானே, இதையும் விழுங்கும் என்று நினைத்தாள்.

ரயில் பாலத்துக்கு அடியில் இருந்தது கடை. ஐந்து மணிக்குத் திறந்ததும் பதினான்கு நாற்காலியும் நிறைந்துவிட்டன. ஏழரைக்கு அடுத்த கூட்டம் வரும். அடுப்பைச் சுற்றி நீளப் பலகை, எதிரே வேர்த்த நெற்றியில் துண்டு கட்டிய மாஸ்டர், அவர் கையில் விசிறி. சயோவுக்கு ஜன்னலோர நாற்காலி.

"நல்ல இடமா பாத்து வச்சிருக்கேன்" என்று அகுட்சு சிரித்தார். "இங்கதான் புகை மூஞ்சில அடிக்காது."

"ரொம்ப நன்றி மேனேஜர்" என்றாள் சயோ.

முதலில் நெஞ்சுக்கறி வந்தது, உள்ளே லேசாகச் சிவந்து, மேலே காரப் பச்சை விழுது தடவி. பிறகு வெங்காயத்தண்டு இடையிட்ட தொடைக்கறி. இதயம். இரைப்பை. மொறுமொறுவென்று தோல். ஒவ்வொன்றும் ஒரு வாய் அளவுதான், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டில் இறங்கும். தின்ற குச்சியை முன்னால் இருந்த மூங்கில் குழாயில் போட வேண்டும். கோழி நன்றாக இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அகுட்சு பேசிக்கொண்டே இருந்தார். அறைக்கு அவள் ஒரு தூண் என்றார். தூண் இல்லாமல் கூரை ஏது என்றார். கூரை மேல் யாரை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஈரல் வந்தபோது ஒரு நொடி தயங்கினார். அவருக்கு யூரிக் ஆசிட் தொல்லை, கால் பெருவிரல் வீங்கிக்கொள்ளும், டாக்டர் ஈரலையும் பீரையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். விருந்து கொடுப்பவர் தட்டில் மிச்சம் வைத்தால் விருந்தாளிக்கு உறுத்தும் என்று அதையும் தின்றார்.

எட்டாவதாகக் கோழி உருண்டை. சயோ குச்சியைக் குழாயில் போட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் விசிறியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "இடம் வசதியா இருக்காம்மா? நவம்பர்ல போன் பண்ணும்போதே ஐயா சொல்லிட்டாரு, ஜன்னல் பக்கம்தான் வேணும், கூட வர்ற அம்மாவுக்குப் புகை ஆகாதுன்னு."

"நவம்பர்லயா?" என்றாள் சயோ.

"பின்ன? மூணு மாசம் முன்னாடி சொன்னாத்தான் இங்க இடம். மந்திரியே வந்தாலும் அதான் கதை." மாஸ்டர் பெருமையோடு கரியைக் கிளறினார்.

சயோ திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நவம்பரில். டிசம்பருக்கு முன்னால். இந்த ஊரில் கேக் பெட்டிக்காரர்களுக்கு டிசம்பர் என்றால் என்னவென்று கேட்க வேண்டியதே இல்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஐம்பதாயிரம் பெட்டி, அதில் ஒரு கடைக்குக் கேக் மேல் வைக்கும் ஸ்ட்ராபெர்ரியின் உயரம் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் மூடி அளவு மாற்றம். நான்கு நாள் அவள் வெட்டும் அறையின் தரையில் அட்டையை விரித்துப் படுத்தாள். அப்போது அகுட்சு வந்து, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப்பை நான்கு கொடுத்துவிட்டு, "நீங்க இல்லேன்னா இந்த அறையே இல்ல குசுமி சான்" என்றார். புத்தாண்டு வாழ்த்து அட்டையில் கைப்படவே எழுதியிருந்தார், இந்த வருடமும் அறையைத் தாங்கிப் பிடியுங்கள் என்று. அந்த அட்டையை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். எடுத்து வைத்ததை நினைக்கத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சூட்டுப்பை கொடுத்தபோதும் தெரியும். வாழ்த்து எழுதியபோதும் தெரியும். அவள் கழுத்தை அறுக்கப் போகும் நாளுக்கு நாற்காலி சொல்லி வைத்துவிட்டு, புகை படாத பக்கமாகவும் பார்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவளை டிசம்பர் முழுக்கப் பிழிந்திருக்கிறார்.

"என்ன குசுமி சான், வயிறு நிறைஞ்சிருக்குமே?" என்றார் அகுட்சு. குரலில் ஆசை தெரிந்தது.

"இல்ல மேனேஜர்" என்றாள் சயோ. "இப்பதான் பசியே எடுக்குது."

மாஸ்டருக்கு அதைவிட என்ன வேண்டும்? இறக்கை வந்தது. குருத்தெலும்பு வந்தது. வால் கொழுப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. கழுத்துக்கறி, காடை முட்டை, பச்சை மிளகாய். சயோ ஒவ்வொன்றையும் நிதானமாகக் கடித்து, மென்று, குச்சியைக் குழாயில் போட்டாள். போடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் வரவேண்டும் என்றுதான் போட்டாள்.

அகுட்சுவுக்கு வேறு வழி இல்லை. அழைத்து வந்தவர் விருந்தாளிக்கு முன்னால் போதும் என்று சொல்லக்கூடாது. சொன்னால், நீ தின்றது போதும் என்று விருந்தாளியின் வாயில் அடித்த மாதிரி. அவராகவே கட்டிய கயிறு அது, இத்தனை வருடம் மற்றவர்கள் கழுத்தில் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது குச்சியில் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பதினான்காவதில் தூண், கூரைப் பேச்சு நின்றது. பலகைக்கு அடியில் அவர் இடது காலணியைக் கழற்றிவிட்டுப் பெருவிரலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்ததைச் சயோ பார்த்தாள். பாவம் என்று தோன்ற வேண்டிய இடம். தோன்றவில்லை.

"நீங்க அளவா சாப்பிடறவங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன் மேனேஜர். நீங்க சாப்பிடுங்க, ஆறுது பாருங்க."

"நாளைக்கு வேலை இருக்கே, நேரத்தோட வீட்டுக்குப் போக வேணாமா?"

"டிசம்பர்ல வீட்டுக்கே போகலையே நான். அப்ப யாரும் கேக்கல."

மாஸ்டர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா சாப்பிடறவங்களுக்கு ரெண்டாவது சுத்து ஈரல் உண்டு" என்று இரண்டு குச்சியைக் கரிமேல் வைத்தார். அகுட்சுவின் முகம் வெளுத்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாக ஐந்து நிமிடம்.

ஈரல் தட்டில் இறங்கியது. சயோ தன் குச்சியை எடுத்தாள். அகுட்சு எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக, சூப் வருவதற்கு முன்னால், எதிராளி வாயில் கறி இருக்கும்போது அவர் பேச ஆரம்பித்தார்.

"குசுமி சான். உங்ககிட்ட ஒரு விஷயம். ஏப்ரல்லேருந்து அறைத் தலைவரா ஹியாமாவை... சின்ன வயசு, அனுபவம் பத்தாது, தெரியும். அதனாலதான் உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்து..."

"தாங்கிப் பிடிக்கணும்" என்றாள் சயோ.

"அதே, அதே." அகுட்சு நெற்றியைத் துடைத்தார். "நீங்களே சொல்லிட்டீங்க."

சயோ பையைத் திறந்து, காலையில் உரித்த கார்டை எடுத்துப் பலகைமேல் வைத்து, அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"காலைல வந்துச்சு. தாள் நல்ல தாள்தான். எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதா போச்சு."

அகுட்சு கார்டைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "அது முன்னாடியே... வழக்கமான ஏற்பாடு..."

"எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி. முதலாளி முத்திரை வைக்கிறதுக்கும் முன்னாடி. நான் குனிவேன்னு அவ்வளவு நம்பிக்கை உங்களுக்கு."

"கோபப்படாதீங்க. உங்க திறமையில யாரும் குறை சொல்லல. வாடிக்கையாளருங்க முன்னாடி போய் நிக்கறதுக்கு ஒரு ஆம்பளைன்னா..." அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்கே பிடிக்கவில்லை போல, பாதியில் விட்டார். பிறகு, தப்பிக்க ஒரு வழி கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்தார். "அதோட, நீங்க அந்தப் பதவி வேணும்னு ஒரு நாளும் கேக்கவே இல்லையே."

சயோ ஈரல் குச்சியைக் கீழே வைத்தாள்.

இதுதான் அவளைக் கொளுத்தியது. ஹியாமா இல்லை, கார்டு இல்லை, நவம்பர்கூட இல்லை. இங்கே யார் கேட்பார்கள்? கேட்டால் வெட்கம் கெட்டவள், கேட்காவிட்டால் ஆசை இல்லாதவள். கேட்காமல் காத்திருப்பதுதான் பண்பு என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, காத்திருந்தவளிடம் வந்து ஏன் கேட்கவில்லை என்கிறார். அதிலும் அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருந்தது. இருபத்து மூன்று வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துளி உண்மை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உயரட்டும் என்று விட்டாள். "அந்த அறை எனக்கு வேணும். தலைவர்ங்கற பேரு எனக்கு வேணும். பதினோரு மாசமா நான் பண்ற வேலைக்கு அதுதான் பேரு. அந்தப் பெட்டி ஹியாமா பெட்டி இல்ல, என் பெட்டி. கேட்டுட்டேன். காதுல விழுந்துச்சா மேனேஜர்?"

"மெதுவா, மெதுவா... எல்லாம் முடிவான விஷயம் குசுமி சான்."

"முடிவாகல. என் தலை இன்னும் குனியல."

அகுட்சு அவளைப் பார்த்தார். அவருடைய வித்தை அவளுக்கு மட்டும் இல்லை, ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். காதுமடல் இரண்டும் சிவந்தன. மெல்ல மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் போதும்" என்றார்.

மாஸ்டரின் விசிறி நின்றது. அழைத்து வந்தவர் முதலில் போதும் என்பதை அவர் அந்த அடுப்படியில் அடிக்கடி கேட்டிருக்கமாட்டார். சயோவைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு?"

"எனக்கு ஒண்ணு வைங்க மாஸ்டர். முதல்ல தந்தீங்களே, அந்த நெஞ்சுக்கறி."

உண்மையில் ஒரு பருக்கை இறங்கக்கூட இடம் இல்லை. ஆனாலும் தின்றாள். அவள் முடிக்கும் வரை அகுட்சு எழுந்திருக்க முடியாது, சூப்பும் வராது. ஒற்றைக் காலணியோடு, ஆறிப்போன ஈரலுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். அவள் அவசரப்படவில்லை. கடைசித் துண்டை மென்று முடித்து, குச்சியைக் குழாயில் போட்டுவிட்டு, "இப்ப போதும்" என்றாள்.

இரண்டு கிண்ணம் சூப் வந்தது. ஆவி எழுந்தது. அகுட்சு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்போதும், அத்தனைக்குப் பிறகும், காத்திருந்தார். பழக்கம் அப்படி.

சயோ சூப்பைக் குடித்துக் கிண்ணத்தை வைத்தாள். எழுந்து நின்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, இடுப்பு மடங்க, மாஸ்டருக்குத் தலை குனிந்தாள்.

"அருமையான சாப்பாடு. ரொம்ப நன்றி."

"ஐயோ, நானா..." மாஸ்டர் நெற்றித் துண்டை அவிழ்த்துக்கொண்டு பதிலுக்குக் குனிந்தார். குனிந்தபடியே ஓரக்கண்ணால் அகுட்சுவைப் பார்த்தார், அவருக்கும் ஏதோ புரிந்திருந்தது.

சயோ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாலத்துக்கு மேலே ரயில் ஒன்று தடதடத்துக் கடந்தது. ஏழரைக் கூட்டம் வாசலில் வரிசையாக நின்றது. பத்தடி போவதற்குள் பின்னால் நொண்டும் காலடி கேட்டது. அகுட்சு காலணியைச் சரியாக மாட்டாமல் அதன் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"குசுமி சான்! ஒரு நிமிஷம். நாளைக்கு முதலாளி கேப்பாரு. நான் என்னன்னு சொல்றது?"

அவர் கையில் அந்தக் கார்டு இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பத்து மணிக்கு நானே அவர் ரூமுக்கு வர்றேன். இங்க கேட்டதை அங்கயும் கேக்கறேன்."

"ஒரு வார்த்தை... நன்றின்னாவது..." என்றார் அகுட்சு. உண்மையிலேயே புண்பட்ட குரல். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சயோ நின்றாள். முதுகு நேராக இருந்தது, கழுத்து ஒரு விரல் அளவுகூட வளையவில்லை.

"கோழி நல்லா இருந்துச்சு மேனேஜர்" என்றாள். "விஷயம் நல்லா இல்ல."

திரும்பி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.